செம்மறி மந்தையும் மின்னணுக் காது வில்லையும்: வாசகர் கேள்வி பதில்

மின்னணுக் காது வில்லை பற்றியும் மந்தைக் கணக்கேடு பற்றியும் வந்த கடிதங்களுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றுள் விரிவாக எழுதப்பட்ட கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளோம்.

கேள்வி: ஐயா, என் மந்தையில் 60 தாய் ஆடுகள் உள்ளன. சென்ற ஆண்டு மேய்ச்சலுக்குப் போன இடத்தில் 4 ஆடுகள் காணாமல் போயின. மின்னணு வில்லை மாட்டினால் ஆடு இருக்கும் இடத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று வில்லை விற்பவர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா? அதன் பேட்டரி எத்தனை ஆண்டு வரும்?

பதில்: உண்மையில்லை. செம்மறியாடுகளுக்கு வழக்கமாக மாட்டப்படும் மின்னணு வில்லைக்குள் பேட்டரியும் கிடையாது. இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவியும் கிடையாது. மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்றும், ஓர் எண்ணை மட்டும் தாங்கிய சில்லு ஒன்றுமே உள்ளே இருக்கின்றன. எண்ணைப் படிக்கும் கருவியான ரீடரைக் காதருகே கொண்டுபோகும்போது அது 134.2 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எழுப்பும் காந்தப்புலம் அந்தச் சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, அந்தச் சிறு மின்சாரத்தைக் கொண்டே சில்லு தன் எண்ணைச் சொல்கிறது. ரீடரை விலக்கிவிட்டால் அது மீண்டும் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். கையில் பிடிக்கும் ரீடருக்கு எண் எட்டும் தூரம் ஒரு சாண் அளவு, நல்ல கருவியானால் சற்று மிகுதி. ஆடுகள் நடந்து போகும் வழியின் ஓரத்தில் நிறுத்தும் பலகை வடிவ ரீடருக்கும் அது பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். பேட்டரி இல்லாததால் தீர்ந்துபோகும் என்ற கவலை இல்லை. வில்லை உடையாமலும் விழாமலும் இருந்தால் ஆட்டின் ஆயுள் முழுவதும் அது பேசும்.

இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டைகள் உண்டு. அவை வேறு கருவிகள். எடை, விலை, பேட்டரி பராமரிப்பு ஆகிய எல்லாவற்றிலும் வில்லையோடு ஒப்பிட முடியாதவை. திருட்டைப் பொறுத்தவரை வில்லை தரும் உதவி, ஆடு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அது உங்களுடையது என்று நிறுவுவதே. திருடுபவர் வில்லையை அறுத்தெறிந்துவிட்டால் அந்த உதவியும் போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: வில்லையின் மேல் அச்சிட்டிருக்கும் எண் ஒன்றாகவும், ரீடரில் தெரியும் 15 இலக்க எண் வேறொன்றாகவும் இருக்கின்றன. எதை நான் ஏட்டில் எழுதுவது?

பதில்: இரண்டையும், ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாக. சில்லுக்குள் இருக்கும் எண்ணின் அமைப்பை ஐஎஸ்ஓ 11784 என்ற பன்னாட்டுத் தரம் வரையறுக்கிறது. ரீடரும் சில்லும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை ஐஎஸ்ஓ 11785 வரையறுக்கிறது. 15 இலக்கங்களுள் முதல் மூன்றும் நாட்டைக் குறிக்கும்: பிரிட்டனுக்கு 826, அயர்லாந்துக்கு 372, ஆஸ்திரேலியாவுக்கு 036. அந்த இடத்தில் 9இல் தொடங்கும் எண் இருந்தால், அது நாட்டின் குறியீடு அல்ல, வில்லையைத் தயாரித்த நிறுவனத்தின் குறியீடு என்று பொருள். எஞ்சிய 12 இலக்கங்கள் அந்த ஆட்டுக்கு உரியவை.

சில நாடுகளில் வெளியே அச்சான எண்ணிலிருந்தே உள்ளே இருக்கும் எண்ணை ஊகித்துவிடலாம். பிரிட்டனில் மந்தை எண்ணும் ஆட்டின் தனி எண்ணும் சில்லின் எண்ணுக்குள் அப்படியே அமைந்திருக்கும். வேறு சில இடங்களில் இரண்டுக்கும் தொடர்பே இராது. எந்த அச்செண்ணுக்கு எந்தச் சில்லெண் என்னும் இணைப்புப் பட்டியலை வில்லை அனுப்புபவர் கோப்பாகத் தருவார். அந்தக் கோப்பை வில்லை வந்த நாளிலேயே வாங்கி இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். வில்லைகளை மாட்டி முடித்த பிறகு அதைத் தேடத் தொடங்கினால், ஆட்டை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காதைப் பார்த்துப் பட்டியலிடுவதைத் தவிர வேறு வழி இராது.

கேள்வி: எப்டிஎக்ஸ், எச்டிஎக்ஸ் என்று இருவகை வில்லைகள் விற்கின்றனவே, எதை வாங்குவது?

பதில்: இரண்டும் அதே பன்னாட்டுத் தரத்துக்குள் அடங்கியவை, தரத்துக்கு உட்பட்ட ரீடர் இரண்டையும் படிக்கும். முதல் வகைச் சில்லு, ரீடரின் புலம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே விடை சொல்கிறது. இரண்டாம் வகை, கிடைத்த ஆற்றலைச் சேமித்துக்கொண்டு, புலம் ஓயும் சிறு இடைவெளியில் விடை சொல்கிறது. அதனால் பொதுவாகச் சற்றுத் தொலைவிலிருந்தும், விரைந்து ஓடும் ஆட்டிடமிருந்தும் எண்ணைப் பெறுவது எளிதாகிறது. கையில் ரீடரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் ஆடாகப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதன்று. விலை குறைந்ததை வாங்கலாம். தானியங்கி எடைக் கூண்டும் பலகை ரீடரும் வைக்கப்போகிறவர் இரண்டாம் வகையைக் கருதிப் பார்க்கலாம்.

கேள்வி: வில்லை மாட்டிய குட்டிகளுள் பலவற்றுக்குக் காது புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டது. சிலவற்றுக்குக் காதே கிழிந்து வில்லை விழுந்துவிட்டது. வில்லையின் தரம் மோசமா, நாங்கள் மாட்டும் முறை தவறா?

பதில்: கடிதத்தில் நீங்கள் தந்துள்ள விவரங்களைப் பார்த்தால் முறையின் மீதே ஐயம் எழுகிறது, குறிப்பாக, ஈக்கள் மிகுந்த பருவத்தில், மழை நனைத்த மந்தையைப் பிடித்து, இடுக்கியைத் துடைக்காமலே ஆடு மாற்றி ஆடு மாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள்.

காதைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பார்த்தால், நீளவாக்கில் ஓடும் குருத்தெலும்பு முகடுகளும் அவற்றை ஒட்டிச் செல்லும் இரத்த நாளங்களும் தெரியும். இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள மெல்லிய பகுதியில், காதின் அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வில்லையின் ஊசி நுழைய வேண்டும். நுனிப் பக்கம் மாட்டினால் வேலியிலும் தீவனத் தொட்டியின் கம்பியிலும் சிக்கிக் காது கிழியும். மிகவும் அடியில் மாட்டினால் காற்றுப் படாமல் புண் ஆறத் தாமதமாகும்; முகட்டின் மேல் குத்தினாலோ இரத்தம் வடிந்து, அந்த ஈரத்திலேயே ஈ மொய்க்கும்.

அடுத்தது இடைவெளி. குட்டிக்கு மாட்டும்போது காதின் விளிம்புக்கும் வில்லைக்கும் இடையே காது வளர இடம் விட வேண்டும். வளைய வடிவ வில்லையில் இந்த இடம் தானாகவே ஓரளவு கிடைக்கும். பொத்தான் வடிவத்தில் அதன் தண்டு நீளமே எல்லை என்பதால், தடித்த காதுள்ள இனங்களில் இரு பக்கமும் இறுகித் தோலை நசுக்கும். உங்கள் இனத்துக்கு எது ஒத்துவரும் என்பதைச் சில குட்டிகளில் மட்டும் மாட்டிப் பார்த்து, வீக்கம் வடிந்த பிறகு மொத்தமாக வாங்குவது நல்லது. ஒவ்வொரு வகை வில்லைக்கும் அதற்கென்று செய்த இடுக்கியையே பயன்படுத்துங்கள். ஒரு நிறுவனத்தின் வில்லையை மற்றொரு நிறுவனத்தின் இடுக்கியில் வைத்தால் ஊசி நேராக நுழையாமல் பூட்டுப் பாதியில் நிற்கும், பார்வைக்கு மாட்டியதுபோலவே தோன்றும். இடுக்கியையும் வில்லையின் ஊசியையும் கிருமிநாசினியில் நனைத்துக்கொள்வது, வறண்ட குளிர்ச்சியான நாளைத் தேர்ந்தெடுப்பது, ஒரு வாரம் கழித்து எல்லாக் காதுகளையும் ஒரு முறை பார்ப்பது ஆகிய மூன்றையும் செய்தால் உங்கள் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மாட்டிய உடனே ஒரு முறை ரீடரால் படித்துப் பாருங்கள். செத்த சில்லு மாட்டப்பட்டிருந்தால், ஆட்டை விடுவதற்கு முன் தெரிந்துகொள்வதே மேல்.

கேள்வி: காதில் மாட்டாமல் வயிற்றுக்குள் போடும் மாத்திரை போன்ற ஒன்று உண்டு என்கிறார்களே?

பதில்: உண்டு, அதை போலஸ் என்பார்கள். சில்லைப் பீங்கான் உறைக்குள் வைத்து, மருந்து புகட்டும் குழல் போன்ற கருவியால் தொண்டைக்குள் செலுத்துவார்கள். அதன் எடை காரணமாக அது அசைபோடும்போது மேலே வராமல் இரண்டாம் இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. விழாது, அறுத்தெறியவும் முடியாது. ஆனால் மிக இளம் குட்டிக்குப் போட முடியாது. போடுவதில் பழக்கம் இல்லாதவர் கையில் தொண்டைக் காயம் ஏற்படலாம். உள்ளே போலஸ் இருப்பது வெளியே தெரியாது என்பதால் எப்படியும் காதில் ஒரு சாதாரண வில்லை வேண்டும். காது வில்லையைத் தொடர்ந்து இழக்கும் மந்தைக்கும், விலையுயர்ந்த கிடாக்களுக்கும் இது பொருத்தம்.

கேள்வி: பண்ணைக் கணக்குக்கென்று ஒரு செயலி வாங்கினேன். அதில் ஓர் ஆட்டுக்கு நிரப்ப வேண்டிய கட்டங்களே ஒரு பக்கம் நீள்கின்றன. இரண்டு மாதத்தில் சோர்ந்து விட்டுவிட்டேன். உண்மையில் எவற்றைத்தான் பதிய வேண்டும்?

பதில்: இந்த முறை வந்த கடிதங்களுள் மிகப் பயனுள்ள கேள்வி இதுதான். செயலியை எழுதியவருக்குக் கட்டம் சேர்ப்பது எளிது. பட்டியில் நின்று நிரப்புபவருக்குத்தான் அதன் பாரம் தெரியும். ஒரு விவரத்தைப் பதிவதற்கு முன், "இதைப் பார்த்து நான் எந்த முடிவை எடுப்பேன்?" என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதில் குற்றமில்லை.

சட்டம் கேட்பவை தனி. அவற்றில் தேர்வுக்கு இடமில்லை. ஆடு எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, எப்போது போனது, எங்கே போனது, எப்போது இறந்தது என்பவை பெரும்பாலான நாடுகளின் பதிவேடுகளில் இருக்கும். மருந்துக் கணக்கும் அப்படியே: எந்த ஆட்டுக்கு, எந்த நாளில், எந்த மருந்து, என்ன தொகுதி எண், எவ்வளவு அளவு, இறைச்சிக்கோ பாலுக்கோ அனுப்பாமல் காத்திருக்க வேண்டிய காலம் எந்த நாளில் முடிகிறது என்பன. கடைசி விவரத்தை "28 நாள்" என்று எழுதாமல் முடியும் தேதியாகவே எழுதுங்கள். விற்பனை நாளன்று ஆட்டின் வில்லையைப் படித்தவுடன் ரீடரே எச்சரிக்கை ஒலி எழுப்பும்படி அந்தத் தேதியை ஏற்றிவைக்கலாம் என்பது மின்னணு முறையின் உண்மையான வசதிகளுள் ஒன்று.

இவற்றுக்கு மேல், தாய் ஆடுகளைப் பற்றி ஈனும் காலத்தில் குறித்துவைக்கும் சில சொற்களே எல்லாவற்றையும்விட மதிப்புள்ளவை என்பது எங்கள் கருத்து. எத்தனை குட்டி ஈன்றது, ஈன உதவி தேவைப்பட்டதா, குட்டியை ஏற்றுக்கொண்டதா, மடிநோய் வந்ததா, கருப்பை வெளித்தள்ளியதா என்பவற்றை அந்த நேரத்திலேயே வில்லையைப் படித்து ஒரு குறியீடாகப் பதிந்துவிட வேண்டும். கழிக்க வேண்டிய ஆடுகளைத் தேர்ந்தெடுக்கும் நாளில், புல் மேய்ந்து கொழுத்து நிற்கும் ஓர் ஆடு பார்வைக்கு மந்தையிலேயே சிறந்ததாகத் தோன்றும். அது கொழுத்ததற்குக் காரணம் அதன் இரண்டு குட்டிகளும் பிறந்த வாரத்திலேயே இறந்து, பால் கொடுக்கும் வேலை இல்லாமல் போனதுதான் என்பதை ஏடு மட்டுமே சொல்லும்.

குட்டிகளுக்கு எடை. ஒரே ஒரு முறை நிறுத்தால் அது விற்பனைக்கு மட்டுமே உதவும். இரண்டு முறை நிறுத்தால்தான் வளர்ச்சி தெரியும். ஒரு குட்டி 20 கிலோவிலிருந்து 28 நாளில் 26.3 கிலோவாகிறது, மற்றொன்று 23.5 கிலோவிலிருந்து அதே நாள்களில் 26.9 கிலோவாகிறது. இரண்டாம் முறை நிறுக்கும்போது இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவதே சற்றுப் பெரிதாகவும் தெரியும். ஆனால் முதற்குட்டி நாளொன்றுக்கு 225 கிராம் ஏறியிருக்கிறது, இரண்டாவது 121 கிராம்தான். இரண்டாவதன் குடற்புழுவையோ குளம்பையோ பார்க்க வேண்டும் என்பது இங்கே கிடைக்கும் முடிவு. அந்த இரண்டு குட்டிகளுள் எது இரட்டையாகப் பிறந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தாயை மதிப்பிடுவது நேர்மையாக இருக்கும்.

குடற்புழு நீக்கத்தில் இந்த முறை இன்னும் ஆழமாகப் பயன்படுகிறது. எல்லா ஆடுகளுக்கும் ஒரே நாளில் மருந்து புகட்டினால், மருந்துக்கு அசையாத புழுக்கள் மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. எதிர்பார்த்த எடையை எட்டாத குட்டிகளுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறையை ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனம் மின்னணு வில்லையையும் எடைக் கூண்டையும் இணைத்து ஆய்ந்திருக்கிறது. இரத்தம் குடிக்கும் புழு மிகுந்த வெப்பப் பகுதிகளில், கீழ் இமையின் உட்புற நிறத்தை ஐந்து படி வண்ண அட்டையோடு ஒப்பிடும், தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா முறை உதவும். அந்தப் படியெண்ணை வில்லை எண்ணோடு பதிந்து வந்தால், மீண்டும் மீண்டும் மருந்து கேட்கும் ஆடுகள் எவை என்பது வெளிப்பட்டுவிடும். அவற்றின் வழியில் வந்த கிடாக்குட்டியை இனப்பெருக்கத்துக்கு வைக்காமல் இருப்பது அடுத்த படி.

கேள்வி: ரீடரில் சேர்ந்த எண்களைக் கணினியில் எக்செல் கோப்பாகத் திறந்தால் எல்லா ஆட்டுக்கும் ஒரே எண் காட்டுகிறது. ரீடர் பழுதா?

பதில்: ரீடர் நலமாக இருக்கிறது. 15 இலக்கம் கொண்ட ஒன்றைக் கண்டதும் எக்செல் அதைப் பெரிய தொகை என்று எண்ணி, 8.26 என்று சுருக்கி, பக்கத்தில் பத்தின் அடுக்கைக் காட்டும் குறியைப் போட்டுவிடுகிறது. அந்த நிலையில் சேமித்துவிட்டால் சுருங்கிய வடிவமே நிலைத்துவிடும் வாய்ப்பு உண்டு. கோப்பை நேரடியாகத் திறக்காமல், இறக்குமதி செய்யும் வழியில் உள்ளே கொண்டுவந்து, அந்தப் பத்தியை எண் அல்ல, எழுத்து என்று முதலிலேயே குறித்துவிடுங்கள். 036 போலச் சுழியில் தொடங்கும் குறியீடுகளில் முன்னால் உள்ள சுழி காணாமல் போவதும் இதே காரணத்தால்தான். ரீடர் தந்த மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு படி தனியே வைத்துக்கொள்வதும், ரீடரின் தேதி சரியாக உள்ளதா என்று வேலையைத் தொடங்கும் முன் பார்ப்பதும் பின்னால் பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

தாள் ஏடு போதாதா என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். சட்டம் அனுமதிக்கும் இடத்தில், சிறிய மந்தைக்குத் தாராளமாகப் போதும்.

கேள்வி: பலகை ரீடர் வழியாக 200 ஆடுகளை ஓட்டினால் 180 எண்களே பதிகின்றன. ஏன்?

பதில்: இந்தத் தாழ் அதிர்வெண் முறையில் ரீடர் ஒரு நேரத்தில் ஒரு வில்லையைத்தான் கேட்க முடியும். இரண்டு ஆடுகள் தலையைத் தலைமேல் வைத்து ஒன்றாக நுழைந்தால் இரண்டு சில்லுகளும் ஒரே நொடியில் பேச, ஒன்றும் புரியாமல் போகும். ஆகவே வழியை ஒரே ஓர் ஆடு மட்டும் போகும் அளவுக்குக் குறுக்கி, ஆடுகளிடையே இடைவெளி விழும்படி மெதுவாக ஓட்டுங்கள். அடுத்து, பலகையைச் சுற்றிலும் உள்ள இரும்பைப் பாருங்கள். இரும்புக் கதவு காந்தப்புலத்தை விழுங்கிவிடும், அதனால்தான் பலகை நிற்கும் இடத்தில் மரத்தையோ பிளாஸ்டிக்கையோ பயன்படுத்துகிறார்கள். அருகில் ஓடும் மின்மோட்டாரும் அதன் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இரைச்சல் எழுப்பும். அவற்றை நிறுத்திவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இவ்வளவும் செய்த பின்பும் சில ஆடுகள் மட்டும் தவறினால், அவற்றின் வில்லையைக் கையில் ரீடர் வைத்துச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: ஆட்டுக்காரரைக் கேட்காமல் அரசுகள் ஏன் இதைக் கட்டாயமாக்குகின்றன? மாட்டுக்குச் சரி, மந்தையாக ஓடும் செம்மறிக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண் எதற்கு?

பதில்: உங்கள் எரிச்சலில் நியாயம் உண்டு. ஆனால் மந்தையாக ஓடுவதும் கைமாறுவதுமே சிக்கலின் வேர். 2001 பிப்ரவரியில் பிரிட்டனில் கோமாரி நோய் உறுதி செய்யப்பட்டபோது, அது ஏற்கெனவே ஹெக்ஸம், லாங்டவுன் சந்தைகள் வழியாகச் செம்மறியாடுகளோடு பல மாவட்டங்களுக்குப் போய்விட்டிருந்தது. செம்மறிகளில் அந்த நோயின் அறிகுறி மிக இலேசாகவே தெரியும் என்பதால் யாரும் கவனிக்கவில்லை; எந்த ஆடு யாரிடமிருந்து யாரிடம் போனது என்று பின்தொடரவும் முடியவில்லை. நோய் அடங்குவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி செம்மறிகளே. அதன் பின்னர் 2003 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 21/2004 எண்ணுள்ள ஒழுங்குமுறையை இயற்றியது. முதலில் 2008இல் தொடங்குவதாக இருந்த மின்னணு அடையாளம், எதிர்ப்புகளுக்கும் ஆயத்தமின்மைக்கும் இடையே 2009 டிசம்பர் 31க்குத் தள்ளிப் போடப்பட்டது. செம்மறிகளும் வெள்ளாடுகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்படாத நாடுகள் உள்நாட்டு ஆடுகளுக்கு விலக்களித்துக்கொள்ள இடம் தரப்பட்டது.

உங்களைப் போலவே எண்ணிய ஜெர்மானிய ஆட்டுப் பண்ணையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். தொழில் நடத்தும் உரிமையையும் சமநிலையையும் இந்த விதி பாதிக்கிறது என்பது அவர் வாதம். 2013 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 2017 ஜனவரி 1 முதல் பிறக்கும் செம்மறிகளுக்கும் வெள்ளாடுகளுக்கும் மின்னணு வில்லையைக் கட்டாயமாக்கியது. 2025 ஜனவரி 1 முதல் பிறப்பவற்றுக்கு அது நாடு முழுவதும் வந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் நியூசிலாந்தின் தேசிய மின்னணு அடையாளத் திட்டம் மாடுகளுக்கும் மான்களுக்கும் மட்டுமே உரியது, செம்மறிகள் அதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆகவே இதில் எல்லா அரசுகளும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

கேள்வி: பிறரிடம் வாங்கிய ஆடுகளில் அவர்களுடைய வில்லை இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு என் வில்லையை மாட்டலாமா? வில்லை விழுந்துவிட்ட ஆட்டுக்கு என்ன செய்வது?

பதில்: கழற்றக் கூடாது. பிறந்த பண்ணையோடு ஆட்டை இணைக்கும் கயிறு அந்த எண்தான். அதைக் கழற்றுவது பல நாடுகளில் குற்றமும் ஆகும். உங்கள் வேலைக்கு எளிதான எண் வேண்டுமென்றால், நாட்டின் விதி இடம் தரும் நிறத்தில் மேலாண்மைக்கென்று ஒரு சாதாரண வில்லையைக் கூடுதலாக மாட்டிக்கொள்ளலாம்.

வில்லை விழுந்துவிட்டது தெரிந்தவுடன் மாற்று வில்லைக்கு ஏற்பாடு செய்யுங்கள். பிரிட்டனில் இதற்கு 28 நாள் வரை தவணை உண்டு, அதற்குள் ஆடு பண்ணையை விட்டு வெளியேறுவதானால் அதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். உங்கள் பண்ணையில் பிறக்காத ஆட்டுக்கு, பழைய எண் தெரியாத நிலையில் மாட்டப்படும் வில்லைக்குச் சில நாடுகள் தனி நிறம் வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அது இளஞ்சிவப்பு. புதிய வில்லையை மாட்டும் அன்றே பழைய எண், புதிய எண், மாற்றிய தேதி ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். இந்த ஒரு வரி விடுபட்டால், அந்த ஆட்டின் மருந்துக் கணக்கும் எடைக் கணக்கும் ஈன்ற வரலாறும் பழைய எண்ணின் கீழேயே நின்றுவிடும். ஏட்டின்படி பழைய ஆடு காணாமல் போயிருக்கும், புதிய ஆடு எங்கிருந்தோ வந்திருக்கும், சோதனைக்கு வரும் அலுவலர் முதலில் கேட்பதும் அந்த இரண்டு ஆடுகளைப் பற்றித்தான்.